கணினி படிக்கப் போகும் பிள்ளைக்கு ஐயாயிரம் வெள்ளி மடிக்கணினி தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்ததும் நம் வீடுகளில் மகிழ்ச்சியின் பின்னாலேயே ஒரு கவலையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளை கணினித் துறைக்குப் போகிறது. மடிக்கணினி வாங்க வேண்டும். கடையில் கேட்டால், விசைப்பலகையில் வண்ண விளக்கு எரியும் கேமிங் மடிக்கணினியை எடுத்து வைத்து, "கம்ப்யூட்டர் சயன்ஸா? அப்ப இதுதான் தாங்கும்" என்கிறார்கள். விலை நாலாயிரம், ஐயாயிரம் வெள்ளி. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. இல்லாவிட்டால் மூன்று ஆண்டுத் தவணை. உதவ முன்வரும் ஆலயங்களும் சங்கங்களும் இதே கணக்கில் வாங்கினால், பத்தாயிரம் வெள்ளி திரட்டியும் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் எட்டும். அதே பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அந்தப் பத்துப் பேரும் படிப்பில் கூடுதலாகவே கற்றுக்கொள்வார்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் கணினி மாணவர் செய்யும் வேலை என்ன? ஜாவா, பைத்தான், சி போன்ற மொழிகளில் நிரல் எழுதுவது, தரவுத்தளம் அமைப்பது, இயங்குதளம், வலையமைப்புப் பாடங்களின் ஆய்வகப் பயிற்சி, நான்கு பேர் சேர்ந்து ஒரு வலைத்தளமோ கைப்பேசிச் செயலியோ கட்டுவது. இதில் எதற்கும் தனி கிராஃபிக்ஸ் அட்டை (விளையாட்டுக் காட்சிகளை வேகமாக வரையும் தனிச் சில்லு) வேண்டியதில்லை. வேண்டியது 16 ஜிபி நினைவகம் (ரேம்), கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி வட்டு, நாள் முழுக்கத் தட்டினாலும் விரல் நோகாத விசைப்பலகை, 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை, இரண்டு விரிவுரைகளுக்காவது தாங்கும் பேட்டரி. கேமிங் மடிக்கணினி சார்ஜரோடு சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்து ஏற்ற இறக்கங்களில் அதைத் தோளில் போட்டு நடக்கும் பிள்ளை, இரண்டாம் மாதமே அதை விடுதி அறையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு விரிவுரைக்குப் போகத் தொடங்கிவிடும்.

மேலே சொன்ன எல்லாம் நிறுவனங்களுக்கென்று தயாராகும் மடிக்கணினிகளில் இருக்கின்றன. திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 5490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகியவை 2018-ஐ ஒட்டி வந்தவை. அலுவலகங்கள் கொத்தாக வாங்கி, சில ஆண்டுகள் ஓட்டி, கொத்தாகவே மாற்றிவிடுகின்றன. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் பினாங்கில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. கொம்தார், பிராங்கின் மால் வட்டாரக் கடைகளிலும், கோலாலம்பூர் என்றால் லோ யாட் பிளாசாவிலும் விசாரிக்கலாம். நிலையைப் பொறுத்து எழுநூறு முதல் ஆயிரம் வெள்ளிக்குள் முடியும். மூன்று மாடல்களிலும் நினைவகத்துக்கு இரண்டு துளைகள் உண்டு; அடிமூடியைக் கழற்றி மாணவரே கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய, அழகான மாடல்கள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். டி480-க்கும் டி480எஸ்-க்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு, ஆனால் எஸ் வகையில் ஒரு பகுதி பற்றவைத்தது, ஒரு துளைதான் மிச்சம். கேட்டு வாங்க வேண்டும்.

"ஐ5" என்று இன்டெல் சில்லின் வகைப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். ஐ5-6300யூ என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8350யூ என்றால் எட்டாம் தலைமுறை. இந்த 'யூ' வகை ஐ5 சில்லுகளுக்கு எட்டாம் தலைமுறையில்தான் இரண்டு கருக்களுக்குப் பதில் நான்கு கருக்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) வந்தன. இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் முறைப்படி ஏறும். ஆகவே எட்டுக்குக் கீழே உள்ளவை இப்போது அடிமாட்டு விலைக்கு வருகின்றன. விண்டோஸுக்குப் பதில் ஓட்டக்கூடிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் மட்டும் போதும் என்கிற மாணவருக்கு அவையும் உழைக்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

பழையதை வாங்கினால் ஏமாந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து, வாங்கும் இடத்திலேயே அரை மணி நேரம் சோதிப்பது. 8 ஜிபி யூஎஸ்பி ஒன்றில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி எடுத்துப் போங்கள். பதிவிறக்கிய கோப்பை யூஎஸ்பியில் வெறுமனே நகலெடுத்தால் அது இயங்காது. பலர் தடுக்கி விழும் முதல் இடம் இது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற இலவச மென்பொருள் வழியாகத்தான் எழுத வேண்டும். யூஎஸ்பியைச் செருகி, மின்விசையை அழுத்தியதும் திங்க்பேட், டெல் என்றால் எஃப்12, எச்.பி. என்றால் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கும் வட்டைத் தொடாமலே முழு இயங்குதளமும் திரையில் ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, எல்லா யூஎஸ்பி துளைகளும், விசைப்பலகையின் ஒவ்வொரு விசையும் அங்கேயே சோதித்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் கேட்டால், கடைக்காரர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் இயந்திரத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். திங்க்பேட்டில் மேற்பார்வையாளர் கடவுச்சொல் பேட்டரியைக் கழற்றினால் அழியாது. முந்தைய நிறுவனம் முறைப்படி விடுவிக்காத இயந்திரமாக இருக்கலாம். களவுப் பொருளாகவும் இருக்கலாம். விண்டோஸ் முதல் திரையிலேயே ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சலைக் கேட்டாலும் இதே முடிவுதான்.

அடுத்து பேட்டரி. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பேட்டரி அறிக்கை கேட்டால், தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக நிரம்பும் அளவும் அடுத்தடுத்து வரும். முதலாவது 48,000, இரண்டாவது 30,000 மில்லிவாட் மணி என்றால் 62 விழுக்காடுதான் மிச்சம். அறுபதுக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். மடிக்கணினியைச் சமமான மேசையில் வைத்து நான்கு மூலையையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஆடினாலோ, தொடுபலகை மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தவும் கூடாது, வாங்கவும் கூடாது. லித்தியம் பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கலாம்.

எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் விழுக்காட்டில் காட்டும். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய மணிக்கணக்காகும், கடையில் முடியாது. ஆகவே ஒரு வாரமாவது திருப்பிக் கொடுக்கும் உரிமையை ரசீதில் எழுதி வாங்குங்கள். சில பழைய மாடல்கள் 1366-க்கு 768 திரையோடும் வந்தன. நிரல் எழுத அது இடுக்கமானது. சார்ஜர் 65 வாட் இருக்க வேண்டும், தரச் சான்றான சிரிம் முத்திரையும் மூன்று முனைச் செருகியும் கட்டாயம். பெயரில்லாத சார்ஜரில் இருபது வெள்ளி மிச்சம் பிடிப்பது ஆயிரம் வெள்ளிப் பொருளுக்கு உலை வைப்பது.

ரசீதைப் பற்றி இன்னொரு சொல். கடையில் வாங்கிய பொருளில் சிக்கல் வந்து கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. வியாபாரியல்லாத தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதை கிடையாது. வருமான வரி கட்டும் பெற்றோர், பிள்ளைக்கு வாங்கிய கணினியை 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கை முறைச் சலுகையில் காட்டலாம். அதற்கும் ரசீது வேண்டும்.

இனி இதில் லினக்ஸ் ஏற்றுவது. ஏன் ஏற்ற வேண்டும் என்றால், மாணவர் எழுதும் நிரல் நாளைக்கு ஓடப்போகும் சர்வர்களில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸ்தான். இரண்டாம் ஆண்டில் இயங்குதளப் பாடத்தில் செயல்முறை, கோப்பு அனுமதி, நினைவகப் பங்கீடு என்று படிப்பதையெல்லாம் தன் இயந்திரத்திலேயே திறந்து பார்க்கலாம். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல் உண்டு. அது பட்டப்படிப்பு முடியும்வரை போதும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் ஏற்றுகிறவர்கள் சில பள்ளங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். பிட்லாக்கர் என்ற பூட்டு விண்டோஸில் நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கலாம். பயாஸில் எதையாவது மாற்றிய மறுகணம் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் அத்தனையும் போனதுபோல்தான். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள், அல்லது எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அடுத்து, விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துங்கள். அது உண்மையில் கணினியை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் வைக்கிறது. அதனால் விண்டோஸ் பகுதியை லினக்ஸ் திறக்கும்போது படிக்க மட்டும் விடும், எழுத விடாது. "ஃபைல் சேவ் ஆகவில்லை" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, நிறுவும்போது வட்டே கண்ணில் படாமல் போவது. டெல் இயந்திரங்களில் இது அடிக்கடி வரும். பயாஸில் சேமிப்பகம், வட்டோடு பேசும் வழிகளில் ஒன்றான ரெய்டு முறையில் இருக்கும்; அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். விண்டோஸை முதலில் பாதுகாப்பு நிலையில் தொடங்கும்படி அமைத்து, பிறகு பயாஸை மாற்றி, ஒருமுறை பாதுகாப்பு நிலையில் ஏறி இறங்கி, அதன்பின் வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். லினக்ஸுக்கு 100 ஜிபி ஒதுக்கினால் நிம்மதி. அந்த இடத்தை விண்டோஸின் வட்டு மேலாளரைக் கொண்டே சுருக்கி எடுங்கள்.

எல்லாம் முடிந்து மகிழ்ச்சியோடு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் நிற்கும். இயந்திரம் கெடவில்லை. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாக எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நமக்கும் உலக நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்த எட்டு. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸிடம் ஒரே ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம். இந்த எட்டு மணி நேரமும் ஆதி முதல் இருந்ததல்ல. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டுக்கு மாறியது; அதற்கு முன் ஏழரை. அதனால் 1982-க்கு முன் பிறந்தவர்களின் பிறந்த தேதியை நேரத்தோடு சேர்த்துச் சேமிக்கும் நிரல்களில் அரை மணி நேரம் விலகி, தேதியே ஒரு நாள் பின்னுக்குப் போகும் பிழை வரும். பிறந்த நாளைத் தேதியாக மட்டும் சேமிக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் சான்று இது. விரிவுரையில் இப்படிச் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்கிவிட்டவர்கள் எதையும் அழிக்க வேண்டாம். அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி இருக்கிறது. பணித்திட்டக் கோப்புகளை விண்டோஸ் பக்கத்தில் வைத்து லினக்ஸிலிருந்து எட்டிப் பிடித்தால் எல்லாமே ஆமை வேகம். லினக்ஸின் சொந்தக் கோப்புறையிலேயே வையுங்கள்.

"ஏஐ படிக்க வேண்டுமே, கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் முடியுமா?" என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. விற்கிறவர்களும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 700 கோடி அளபுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட ஒரு மொழி மாதிரி (உரை எழுதும் ஏஐ), ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வீதம், அப்படியே ஏற்ற மட்டும் 14 ஜிபி பிடிக்கும். நாலாயிரம் வெள்ளி கேமிங் மடிக்கணினியின் அட்டையில் இருப்பது 4, 6, மிஞ்சினால் 8 ஜிபி. அந்த அட்டையிலும் ஏறாது, ஆயிரம் வெள்ளி மடிக்கணினியிலும் ஏறாது. பாடத்திட்டத்தில் வரும் சிறிய மாதிரிகளுக்கு கூகுளின் இணையவழிக் கணினிச் சேவையான கோலாப் இலவசமாகக் கொடுக்கும் டி4 கிராஃபிக்ஸ் அட்டை போதும். அதன் நினைவகம் 16 ஜிபி. கேகில் தளத்திலும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று இலவச ஒதுக்கீடு உண்டு. கோலாபில் இணைப்பு அறுந்தால் அங்கே இருந்த கோப்புகள் மறைந்துவிடும். ஆகவே பயிற்சி தொடங்கும் முன்னரே கூகுள் டிரைவை இணைத்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாதிரியை அதில் சேமிக்கும் வரியை எழுதிவிட வேண்டும். இரவு ஓடவிட்டுத் தூங்கி, காலையில் வெறும் திரையைப் பார்க்கும் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

முப்பரிமாண விளையாட்டு உருவாக்கம், காணொளித் தொகுப்பு என்று மூன்றாம் ஆண்டில் தனித்துறை எடுக்கிறவர்களுக்கு மட்டும் அட்டை உண்மையிலேயே வேண்டும். அதை அப்போது முடிவு செய்யலாம். பிள்ளைக்கு விளையாடத்தான் ஆசை என்றால் அதில் தவறில்லை. ஆனால் படிப்பின் பெயரில் கடன் வாங்கி அதைச் செய்ய வேண்டாம்.

நினைவகத்தை உண்மையில் விழுங்குவது ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. அதில் வரும் பொய்க் கைப்பேசியை ஓட்டினால் 8 ஜிபி இயந்திரம் மூச்சுத் திணறும். கையில் இருக்கும் கைப்பேசியையே கம்பியில் இணைத்துச் சோதிக்கலாம்: அமைப்புகளில் பில்ட் எண் என்ற வரியை ஏழு முறை தட்டினால் உருவாக்குநர் வசதிகள் திறக்கும், அதில் யூஎஸ்பி பிழைத்திருத்தத்தை இயக்குங்கள். வேகமும் கூடும், உண்மையான திரையில் எப்படித் தெரிகிறது என்பதும் புரியும்.

வளாக வைஃபை பற்றி ஒரு வரி. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் எடுரோம் என்ற, பல வளாகங்களுக்கும் பொதுவான வைஃபை உண்டு. லினக்ஸின் வைஃபை அமைப்பில் பீப் (PEAP), எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பு (MSCHAPv2) என்று தேர்ந்தெடுத்து, பயனர் பெயரைப் பல்கலைக்கழக முகவரியோடு முழுதாக எழுத வேண்டும். எண்ணை மட்டும் எழுதினால் வேறு வளாகத்தில் இணையாது. சான்றிதழ் தேவையில்லை என்ற பெட்டியில் குறி போடாதீர்கள். அதே பெயரில் போலி வைஃபை வைப்பவரிடம் கடவுச்சொல் போய்ச் சேர்ந்துவிடும்.

பைத்தானில் முதல் வாரமே எல்லாரையும் மிரட்டும் பிழை ஒன்று உண்டு: இந்தச் சூழலை இயங்குதளமே நிர்வகிக்கிறது, இங்கே நிறுவ முடியாது என்று, பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை (நூலகங்களை) நிறுவித் தரும் பிப் மறுத்துவிடும். உடனே ஏதோ ஒரு பதிலைப் பார்த்து, மறுப்பை உடைத்து நிறுவும் சொல்லைக் கட்டளையோடு சேர்த்துவிடுகிறார்கள். மறுப்பு சரியானது. இயங்குதளத்தின் கருவிகளே பைத்தானில் ஓடுவதால், அவற்றின் நூலகத்தை மாற்றினால் அவை உடையும். ஒவ்வொரு பணித்திட்டத்துக்கும் வென்வ் என்ற தனிச் சூழலை உருவாக்கி, அதை இயக்கிய பிறகு நிறுவுங்கள்.

மடிக்கணினியைவிட முக்கியமான ஒன்றை இவ்வளவு நேரம் தள்ளி வைத்திருந்தேன். அது கிட் (git) என்ற மென்பொருள். குழுப் பணியில் நான்கு பேரும் வாட்ஸ்அப்பில் 'பைனல்', 'பைனல் 2', 'உண்மையான பைனல்' என்று சிப் கோப்பு அனுப்பிக்கொள்வதுதான் ஒப்படைப்பு நாளின் பேரழிவுக்கு வேர். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மூல நிரலைக் காக்க எழுதிய கிட், ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு வைத்துக்கொள்கிறது. வேலை செய்கிற ஒவ்வொரு நிலையிலும் ஒரு கமிட் (மாற்றத்தைப் பதிவது). ஒவ்வொரு மாலையும் ஒரு புஷ் (பதிவை இணையத்துக்கு அனுப்புவது). மடிக்கணினி பேருந்திலேயே போனாலும் நிரல் கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் இருக்கும். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. தரவுத்தொகுப்பு, வென்வ், நோட் நூலகக் கோப்புறை ஆகியவற்றைத் தவிர்க்கும் பட்டியலை முதல் கமிட்டுக்கு முன்பே எழுதுங்கள். கடவுச்சொல், ஏபிஐ சாவி (வெளிச் சேவைகளை அணுகும் இரகசியக் குறி) உள்ள கோப்பையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். தவறி ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்குவது பயன்படாது. பழைய வரலாற்றில் அப்படியே கிடக்கும். அந்தச் சாவியை உடனே ரத்துசெய்து புதியது பெறுவதுதான் வழி. இரண்டு பேர் ஒரே வரியை மாற்றினால் கிட் மோதல் என்று நிற்கும். இரு வடிவத்தையும் அடுத்தடுத்துக் காட்டும். உட்கார்ந்து படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் பதிவிறக்குவது, இன்னும் புஷ் செய்யாத உங்கள் வேலையையே அழிப்பதில் முடியும்.

இந்த எளிய இயந்திரத்தில் நம் பிள்ளைகள் மட்டும் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். மூன்று எழுத்து என்றுதான் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். கணினி 5 என்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான ஒருங்குறி (யூனிகோட்) அதை ஐந்தாகத்தான் வைத்திருக்கிறது. ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். 'கொ' இன்னும் சிக்கல்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. இரண்டையும் ஒரே வடிவாக்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழில் தட்ட உதவும் முரசு அஞ்சலும் செல்லினமும் மென்பொருளாளர் முத்து நெடுமாறன் இந்த மண்ணிலிருந்து தந்தவை. தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது. அந்த வழியில் இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் செய்ய ஆயிரம் வெள்ளி மடிக்கணினி தாராளம். தமிழ்99 விசைப்பலகை மின்ட்டில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் வழியாக வரும். நிறுவியதும் ஒருமுறை வெளியேறி உள்ளே வராவிட்டால் பட்டியலில் தெரியாது.

தமிழில் நாட்டமில்லாதவருக்குப் பேருந்து இருக்கிறது. ரேபிட் பினாங்கின் வழித்தட, நேர அட்டவணைத் தரவை அரசின் திறந்த தரவுத் தளம் ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவில் இலவசமாகத் தருகிறது. சிப்பை அவிழ்த்தால் நிறுத்தங்கள், வழிகள், நேரங்கள் என்று சாதாரண எழுத்துக் கோப்புகள். நள்ளிரவைத் தாண்டி ஓடும் பேருந்தின் நேரத்தை அந்த வடிவத்தில் 25:10:00 என்று எழுதலாம். வழக்கமான நேர நூலகம் அதைப் பிழை என்று தள்ளிவிடும். நிமிடங்களாக மாற்றித்தான் கையாள வேண்டும். விடுதி வாசலில் அடுத்த பேருந்து எப்போது என்று சொல்லும் ஒரு டெலிகிராம் பாட் (தானே பதில் அனுப்பும் நிரல்), முதலாம் ஆண்டு மாணவரின் இரண்டு வார இறுதிகளுக்கு ஏற்ற வேலை.

நம் வெயிலும் மழையும் பற்றியும் சொல்ல வேண்டும். இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. எந்நேரமும் செருகியே வைத்திருந்தால் சூட்டில் பேட்டரி உப்பும். திங்க்பேட்டில் 80 விழுக்காட்டோடு நிறுத்தச் சொல்லலாம். மெத்தையில் வைத்து ஓட்டினால் காற்று அடைபட்டு வேகம் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியின் தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டு ஊதினால் அச்சு தேயும்.

கடைசியாக, உதவி வழங்கும் ஆலய, சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே மாடலில் பத்து வாங்குங்கள்; சார்ஜரும் நினைவகமும் ஒன்றுக்கொன்று பொருந்தும், ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லித் தரவும் முடியும். ஒவ்வொன்றின் பேட்டரி விழுக்காட்டையும் எஸ்எஸ்டி ஆரோக்கியத்தையும் அடியில் ஒட்டிய தாளில் எழுதிவிடுங்கள். மிச்சப்படும் பணத்தில் இரண்டு உபரி சார்ஜர், இரண்டு பேட்டரி, ஓர் எஸ்எஸ்டி வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்திருந்தால், தேர்வு வாரத்தில் இயந்திரம் படுத்துவிட்ட பிள்ளை அன்று மாலையே எழுந்துவிடும். மின்ட் ஏற்றிய யூஎஸ்பி ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். பல்கலைக்கழகப் பதிவு நாளுக்கு மூன்று வாரம் முன்பே கையில் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மெம்டெஸ்ட்டில் தேறாததைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்க அவ்வளவு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
கணினித் துறை வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு